அப்லேஷனுக்கு முன் சி.ரி. ஸ்கான் கட்டாயமா? உணவுக்குழாய்க் காயத்தை அது தடுக்குமா?

பிறகு வந்து வாசிப்பவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 61 வயது, சீனி வருத்தம் உண்டு, இருப்பது மட்டக்களப்பில். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிப்பது) என்று கண்டுபிடித்து, கொழும்பில் அப்லேஷன் (கோளாறுக்குக் காரணமான இடத்தை இதயத்துக்குள்ளே சுட்டோ உறையவைத்தோ செயலிழக்கச் செய்வது) செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒரு டொக்டர் முதலில் சி.ரி. ஸ்கான் எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறார். இன்னொருவரிடம் காட்டியபோது, ஸ்கான் இல்லாமலே செய்வேன் என்றிருக்கிறார். இதற்கிடையில் உணவுக்குழாயில் ஓட்டை விழுந்து ஆட்கள் இறந்த கதைகளை இணையத்தில் வாசித்துவிட்டு, ஸ்கான் எடுக்காவிட்டால் அப்பாவுக்கும் அப்படி நடக்குமா என்று கேட்கிறீர்கள். நீங்கள் அறிய விரும்புவது ஸ்கானைப் பற்றி மட்டும் என்று எனக்குப் படவில்லை. இதயத்துக்குள்ளே சுடும்போது பக்கத்தில் இருக்கும் உறுப்புகளுக்குக் காயம் வராமல் எதைப் பார்த்து, எப்படித் தடுக்கிறார்கள் என்பதைத்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் றேடியோகிராபர். சி.ரி. அறையில் தொடங்கி, பிறகு பல வருடம் கத் லாபில் (இதயத்துக்குள் குழாய் விட்டுச் சிகிச்சை செய்யும் அறையில்) நின்றவன். டொக்டர் இல்லை. அப்பாவின் எக்கோ, ஈ.சி.ஜி. எதையும் நான் பார்க்கவும் இல்லை. ஆகவே அப்லேஷன் செய்யலாமா, எந்த டொக்டரிடம் செய்யலாம் என்பதற்கு என்னிடம் பதில் தேட வேண்டாம். படங்கள் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை மட்டும் நம்பிக்கையோடு சொல்லலாம்.

முதலில் இடத்தை விளங்கிக்கொள்ளுங்கள். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் சுவாசப்பை நாளங்களின் வாயிலிருந்து கிளம்புகின்றன என்பதை 1998-இல் பிரான்சின் போர்தோ நகரில் மிஷேல் ஹைசகேர் குழுவினர் காட்டினார்கள். அன்றிலிருந்து இந்தச் சிகிச்சையின் அடிப்படை, அந்த நாளங்கள் இடது சோணையறைக்குள் (இதயத்தின் இடது மேலறைக்குள்) திறக்கும் இடங்களைச் சுற்றி வளையமாகச் சுட்டு, மின் தொடர்பைத் துண்டிப்பதுதான். இடது சோணையறை இதயத்தின் பின்பக்கம், முதுகெலும்பைப் பார்த்தபடி இருக்கிறது. அதன் பின்சுவர் சில மில்லிமீற்றர் தடிப்புத்தான். அந்தச் சுவரோடு ஒட்டியபடி உணவுக்குழாய் இறங்குகிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்து ஒட்டு வீடுகளில் ஒரு சுவருக்கு இரண்டு சொந்தக்காரர் இருப்பது போலத்தான்; இந்தப் பக்கம் ஆணி அடித்தால் அந்தப் பக்கம் சாந்து உதிரும். 2005-இல் ஸ்பெயினின் டமியன் சான்செஸ்-குயின்ரானா குழுவினர் இறந்தவர்களின் உடல்களைப் பகுத்துப் பார்த்தபோது, 40 சதவீதமானவற்றில் சோணையறையின் உட்பரப்புக்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் 5 மில்லிமீற்றர்கூட இருக்கவில்லை. ரேடியோ அலையால் சுடும்போது வெப்பம் சில மில்லிமீற்றர் ஆழம் போகும். பயம் எங்கிருந்து வருகிறது என்பது இப்போது விளங்கும்.

அந்தப் பயத்தின் அளவையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நீங்கள் வாசித்த கதைகள் அளவைச் சொல்லியிருக்காது. சோணையறைக்கும் உணவுக்குழாய்க்கும் இடையில் துளை விழுவது, குழாய் விட்டுச் செய்யும் அப்லேஷனில், மருத்துவ இதழ்களில் முதலில் பதிவானது 2004-இல். 2023-இல் வெளியான பொட்டர்-ஏ.எஃப். என்ற பன்னாட்டு ஆய்வு 5.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட அப்லேஷன்களைத் திரட்டிப் பார்த்தது. அதில் 138 பேருக்கு இந்தத் துளை. பத்தாயிரம் பேருக்கு இரண்டு, மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ அலையால் சுடும் முறையில் கொஞ்சம் கூட, குளிர் பலூனால் நாளத்தின் வாயை உறையவைக்கும் முறையில் மிகக் குறைவு. ஆனால் துளை விழுந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் இறந்துபோனார்கள். மிக அரிது, வந்தால் மிகக் கொடியது. இந்த இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்திருக்க வேண்டும்.

இனி ஸ்கானுக்கு வருகிறேன். அப்பாவுக்கு எடுத்த எக்கோ மார்பின் முன்புறத்திலிருந்து எடுத்தது. வால்வும் இதயத்தின் பம்பிங்கும் சோணையறையின் பருமனும் அதில் தெரியும். பின்பக்கத்து நாளங்கள் ஒழுங்காகத் தெரியாது. சி.ரி.யில் அவை கண்ணாடி போலத் தெரியும். பாடப்புத்தகத்தில் சுவாசப்பை நாளங்கள் நாலு. ஆட்களில் அப்படி இருக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. இடப்பக்கத்து இரண்டும் ஒரே வாயாகச் சேர்ந்திருப்பது, வலப்பக்கம் நடுவில் இன்னொரு சிறிய நாளம் இருப்பது எல்லாம் நாங்கள் அடிக்கடி காண்பவை. பலூன் வைத்துச் செய்யப்போகிறவருக்கு இது முன்கூட்டியே தெரிந்தால் நல்லது, வாய் பெரிதென்றால் பலூன் சரியாகப் பொருந்தாது. சுடும் புள்ளியை நாளத்துக்குள்ளே தள்ளிவிடாமல் வாசலுக்கு வெளியே வைத்துக்கொள்ளவும் இது உதவும். உள்ளே சுட்டால் நாளம் சுருங்கிப்போகும் ஆபத்து உண்டு. அப்படிச் சுருங்கினால் சில மாதம் கழித்து இருமல், மூச்சுத் திணறல், சளியில் இரத்தம் என்று வரும்; அதை நிமோனியா என்றும் காசநோய் என்றும் எண்ணி மருந்து கொடுத்துக்கொண்டிருந்த சம்பவங்கள் உலகம் முழுக்க எழுதப்பட்டிருக்கின்றன. அப்போது பழைய ஸ்கான் கையில் இருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தப் படத்தைக் கார்ட்டோ, என்சைட் போன்ற முப்பரிமாண வரைபடக் கருவிகளுக்குள் ஏற்றி, கதீற்றர் (இரத்த நாளம் வழியாக இதயத்துக்குள் விடும் மெல்லிய குழாய்) உள்ளே தொட்டு வரையும் வரைபடத்தோடு பொருத்தவும் செய்வார்கள். பார்க்க மிக அழகாக இருக்கும். அந்த அழகில்தான் ஆபத்து என்பது என் கருத்து. ஸ்கான் எடுத்த நாளில் மூச்சைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்த அதே சோணையறை, சிகிச்சை நாளில் மூச்சு ஏறி இறங்க, சேலைன் உள்ளே போகப் போக, வேறு பருமனில் இருக்கும். இரண்டு படங்களும் சில மில்லிமீற்றர் விலகி நிற்பது சாதாரணம். நாங்கள் பேசிக்கொண்டிருக்கும் இடைவெளியே சில மில்லிமீற்றர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

உணவுக்குழாய் விடயத்தில் இது இன்னும் மோசம், ஏனென்றால் அது ஓரிடத்தில் நிற்பதே இல்லை. 2005-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர், அரைமயக்கத்தில் அப்லேஷன் செய்யும்போது நோயாளிகளுக்கு பேரியம் (எக்ஸ்ரேயில் தெரியும் திரவம்) விழுங்கக் கொடுத்துத் தொடக்கத்திலும் முடிவிலும் பார்த்தார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரில் உணவுக்குழாய் 2 சென்ரிமீற்றர் அல்லது அதற்கு மேல் பக்கவாட்டில் நகர்ந்திருந்தது. ஒரே சிகிச்சைக்குள்ளேயே இவ்வளவு! அப்படியானால் போன கிழமை எடுத்த ஸ்கானில் அது இடப்பக்கத்து நாளத்துக்குப் பின்னால் இருந்தது என்ற தகவலை எவ்வளவுக்கு நம்பலாம்? பொது மயக்கத்தில் அசைவு குறையும், ஆனால் தொண்டைக்குள்ளால் விடும் குழாய்களே உணவுக்குழாயை ஒரு பக்கம் தள்ளிவிடக்கூடும். ஆகவே உங்கள் கேள்விக்கு நேரடிப் பதில் இது: முதலே எடுக்கும் சி.ரி. நாளங்களின் அமைப்பை அறிய நல்ல கருவி, உணவுக்குழாயைக் காக்க அதை மட்டும் நம்பக்கூடாது. ஸ்கான் வேண்டாம் என்ற டொக்டர் கவனம் இல்லாதவர் என்று முடிவுகட்ட வேண்டாம். அன்றைய நாளில், அந்த நேரத்தில் உணவுக்குழாய் எங்கே இருக்கிறது என்பதை அவர் வேறு வழியில் பார்க்கிறாரா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டியது.

அந்த வேறு வழிகள் என்னென்ன? என் மதிப்பில் முதலிடம் இதயத்துக்குள்ளே விடும் எக்கோவுக்கு. தொடை நாளத்தினூடாக ஒரு மெல்லிய கதீற்றரை வலது சோணையறை வரை கொண்டுபோனால், அதன் நுனியில் உள்ள அல்ட்ராசவுண்ட் கருவி இடது சோணையறையின் பின்சுவரையும் அதற்குப் பின்னால் உணவுக்குழாயையும் அந்தக் கணத்தில் காட்டும். வலமிருந்து இடப்பக்கம் போக நடுச்சுவரைத் துளைக்கும்போது ஊசி எங்கே பதிகிறது, தொகுதிப் பெருநாடிப் பக்கம் தவறிப் போகிறதா என்பதையும் அதில் பார்க்கலாம். இதயத்தைச் சுற்றி இரத்தம் கசியத் தொடங்கினால் பிறஷர் விழ முன்பே அதில் தெரிந்துவிடும். இந்தச் சிகிச்சையில் உணவுக்குழாய்த் துளையைவிடப் பல மடங்கு அதிகமாக நடக்கக்கூடியது அந்த இரத்தக் கசிவுதான் என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். குறை என்னவென்றால் அந்தக் கதீற்றர் விலை கூடிய சாமான். எல்லா இடத்திலும் எல்லா நாளும் இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அது இல்லாத இடத்தில் தொண்டை வழியாக விடும் எக்கோவை வைத்து நடுச்சுவரைத் துளைப்பார்கள்.

அடுத்தது உணவுக்குழாய்க்குள் வைக்கும் வெப்பமானி. சுடும்போது உள்ளே வெப்பம் ஏறினால் நிறுத்திவிடுவார்கள். கேட்க மிக நியாயமாக இருக்கிறது. ஆனால் நடந்த ஆய்வுகளில் இது காயத்தைத் திட்டவட்டமாகக் குறைத்ததாக நிறுவப்படவில்லை. கத் லாபில் நின்று பார்த்தவனுக்கு இதன் காரணம் புதிரில்லை. ஒற்றை உணரி உள்ள வெப்பமானி குழாயின் ஒரு ஓரத்தில் கிடக்கும், கதீற்றர் மற்ற ஓரத்துக்கு நேரே சுட்டுக்கொண்டிருக்கும். திரையில் இலக்கம் அசையாது, எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். எக்ஸ்ரேயில் அடிக்கடி பார்த்து உணரியைக் கதீற்றரின் மட்டத்துக்கு ஏற்றி இறக்கி வைத்தால்தான் அதில் பயன். குளிர்ந்த நீர் ஓடும் குழாயை உள்ளே வைத்து உணவுக்குழாயைக் குளிரவைக்கும் முறையும் வந்திருக்கிறது. லண்டனில் 120 பேரில் செய்த இம்பாக்ட் ஆய்வில், பிறகு எண்டோஸ்கோபியில் கண்ட காயங்கள் கணிசமாகக் குறைந்தன, மருந்துகளுக்கும் கருவிகளுக்கும் அனுமதி வழங்கும் அமெரிக்க அரச அமைப்பான எஃப்.டி.ஏ. 2023-இல் இந்தப் பயன்பாட்டுக்கு அனுமதியும் கொடுத்தது. இங்கே ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மேற்பரப்புக் காயம் குறைந்தது என்பது நிச்சயம். அதனால் உயிர்கொல்லும் துளையும் குறையும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு மட்டும்தான், ஏனென்றால் பத்தாயிரத்தில் இரண்டு மூன்று பேருக்கு வரும் ஒன்றை 120 பேரில் அளக்க முடியாது. சுட்ட பிறகு சில கிழமைக்குக் கொடுக்கும் அமிலம் குறைக்கும் குளிசையும் அப்படித்தான். ஆதாரம் மெலிது, தீங்கும் குறைவு, ஆகவே பெரும்பாலும் எல்லோரும் கொடுக்கிறார்கள். அப்பா அதை விடாமல் குடிக்கட்டும்.

இதையெல்லாம்விட, பின்சுவரில் சக்தியையும் நேரத்தையும் குறைத்துச் சுடுவது என்ற மிகச் சாதாரண பழக்கம் இருக்கிறது. அதற்கு எந்தப் படமும் தேவையில்லை, கை நிதானம்தான் தேவை.

குளிர் பலூனில் செய்வார்களானால் உணவுக்குழாயைவிடக் கவனிக்க வேண்டியது வேறொன்று. வலப்பக்கத்துப் பிரிமென்றகட்டு நரம்பு (மூச்சு விட உதவும், நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் இடைப்பட்ட தசையை இயக்குவது) மேற்பெருநாளத்தை ஒட்டி இறங்கி, வலது மேல் சுவாசப்பை நாளத்துக்குக் கிட்டவாகப் போகிறது. அது உறைந்தால் வலப்பக்கம் பிரிமென்றகடு ஏறி இறங்காது, மூச்சு வாங்கும். நரம்பு சி.ரி.யில் நேரடியாகத் தெரிவது குறைவு. அதோடு சேர்ந்து ஓடும் சின்ன நாடியைக்கொண்டு சில வேளை ஊகிக்கலாம். இங்கே காப்பது ஸ்கான் இல்லை, ஒரு ஆளின் கை. மேற்பெருநாளத்தில் ஒரு கதீற்றரை வைத்து நரம்பை இடைவிட்டு இடைவிட்டுத் தூண்டுவார்கள். ஒவ்வொரு தூண்டலுக்கும் வயிறு விக்கல் போலத் துள்ளும். ஒருவர் விலா எலும்புக்குக் கீழே கையை வைத்துக்கொண்டே நிற்பார். துள்ளல் மெலிந்தது என்று அவர் சொன்ன மறுநொடியே குளிரூட்டலை நிறுத்துவார்கள். 2016-இல் வெளியான ஃபயர் அண்ட் ஐஸ் ஆய்வில் பலூன் குழுவில் 2.7 சதவீதமானவர்கள் இந்த நரம்புக் காயத்தோடு வீடு போனார்கள், ஒரு வருடத்துக்குள் பெரும்பாலானோருக்கு அது சரியாகிவிட்டது.

வெப்பமோ குளிரோ இல்லாமல் மின்புலத் துடிப்பால் கலங்களைச் சாகடிக்கும் பல்ஸ்ட் ஃபீல்ட் என்ற புதிய முறையையும் நீங்கள் வாசித்திருப்பீர்கள். 17,000-க்கு மேற்பட்டவர்களின் தரவில் உணவுக்குழாய்த் துளை ஒன்றுகூடப் பதிவாகவில்லை, அது பெரிய விடயம்தான். அதற்காக ஆபத்தே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். முடியுரு நாடிக்கு (இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் நாடிக்கு) கிட்டவாகச் செய்தால் நாடி இறுகலாம்; துடிப்புகள் அதிகமானால் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீரகத்துக்குச் சுமையாகலாம். இரத்தக் கசிவு ஆபத்து முன்போலவே உண்டு.

இந்த இழையில் கீழே ஒருவர், தன் தங்கச்சிக்கு எஸ்.வி.ரி. (இதயத்தின் மேற்பகுதியில் தொடங்கும் வேகத் துடிப்பு), அவளுக்கும் சி.ரி. எடுக்க வேண்டுமா என்று கேட்டிருந்தார். பெரும்பாலும் தேவையில்லை. சாதாரண எஸ்.வி.ரி. அப்லேஷன் அநேகமாக வலது சோணையறைக்குள் நடப்பது. அங்கே பயப்பட வேண்டியது இதயத்தின் சொந்த மின்கணுவுக்கு (மேலறையிலிருந்து கீழறைக்கு மின்சைகையைக் கடத்தும் இடத்துக்கு). அது எந்த ஸ்கானிலும் தெரியாது, கதீற்றரில் வரும் மின்சைகையையும் எக்ஸ்ரேக் கோணங்களையும் வைத்துத்தான் அதை விட்டு விலகி நிற்பார்கள். மாறாக, பெருநாடி வால்வுக்கு அருகிலோ இதயத்தின் வெளிப்பரப்பிலோ சுட வேண்டிய துடிப்புக் கோளாறுகளில், முடியுரு நாடி எங்கே இருக்கிறது என்று அஞ்சியோகிராம் செய்து பார்த்து, பொதுவாகக் குறைந்தது 5 மில்லிமீற்றர் தள்ளி நிற்பார்கள். அங்கே படம் எடுக்காமல் சுடுவதை நான் கண்டதில்லை.

இப்போது, உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படும் ஒன்று. உணவுக்குழாய்த் துளை கத் லாபில் தெரிவதில்லை. பொட்டர்-ஏ.எஃப். ஆய்வில் அறிகுறி தொடங்கிய நடு நாள் 18. இரண்டு மாதம் வரை வரலாம். அந்த நேரம் அப்பா மட்டக்களப்பில் இருப்பார். காய்ச்சல் வரும். எங்கள் நாட்டில் காய்ச்சல் என்றால் முதல் நினைப்பு டெங்கு. இரத்தப் பரிசோதனை, பிளேட்லெற் எண்ணிக்கை என்று மூன்று நாள் ஓடிவிடும். டெங்குவையும் பார்க்கத்தான் வேண்டும், அதுவும் இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசை குடிப்பவருக்குக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் அப்லேஷன் செய்து இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், நெஞ்சு நோ, விழுங்கும்போது நோ, வாந்தியில் இரத்தம், கை கால் இழுப்பு, பேச்சுத் தடுமாற்றம் என்று எது வந்தாலும், வாசலிலேயே "இன்ன திகதி இதயத்தில் அப்லேஷன் செய்தது" என்று சொல்லிவிடுங்கள். முதல் ஓரிரு நாளில் லேசான காய்ச்சலும், மூச்சை இழுக்கும்போது நெஞ்சு நோவும் சாதாரணமாக வருபவை. ஒரு கிழமை, இரண்டு கிழமை நன்றாக இருந்துவிட்டுப் புதிதாக வருவதுதான் கவலைக்குரியது.

அந்தச் சந்தேகத்தில் எடுக்க வேண்டிய படம் சாயம் ஏற்றிய மார்புச் சி.ரி. எண்டோஸ்கோபி கூடாது. வாந்தியில் இரத்தம் என்றவுடன் எண்டோஸ்கோபி செய்வது வைத்தியசாலைகளில் வழக்கம். ஆனால் அதில் உணவுக்குழாய்க்குள் ஊதும் காற்று, துளை வழியாகச் சோணையறைக்குள் புகுந்து நேரே மூளைக்குப் போய்விடும். அப்படி உயிர் போன பதிவுகள் பல. தொண்டை வழி எக்கோவையும் இதே காரணத்துக்காகத் தவிர்க்க வேண்டும். முதல் சி.ரி. சுத்தமாக இருந்தாலும் அறிகுறி தொடர்ந்தால் திரும்ப எடுக்க வேண்டிவரும். அப்லேஷன் செய்த பிரிவின் தொலைபேசி இலக்கத்தை வீடு போகும்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மட்டக்களப்பில் பார்க்கும் டொக்டர் அப்லேஷன் செய்த டொக்டரோடு பேசிக்கொள்வது பாதி வேலையை முடிக்கும்.

ஸ்கான் எடுப்பதென்று முடிவானால்: கிறியேற்றினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) ரிப்போட் புதிதாக ஒன்று வேண்டும், சாயம் சிறுநீரகத்தால்தான் வெளியேறும். சீனி வருத்தத்துக்கு மெற்போமின் குடிக்கிறார் என்றால் முதலே சொல்லுங்கள். சிறுநீரகம் நன்றாக இருந்தால் பெரும்பாலும் நிறுத்தத் தேவை வராது, அதை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். முன்பு எப்போதாவது சாயத்துக்கு ஒவ்வாமை வந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் குளிசையை ஸ்கானுக்காக நிறுத்தத் தேவையில்லை. சோணையறையின் செவிப்பையில் (அதன் ஓரத்தில் உள்ள சிறு பையில்) இரத்தக்கட்டி இருக்கிறதா என்பதையும் அதே ஸ்கானில் பார்க்க வேண்டும் என்றால், சாயம் ஏற்றிக் கொஞ்ச நேரம் கழித்து இரண்டாவது முறையும் எடுக்க வேண்டும்; டொக்டர் துண்டில் அதை எழுதித் தந்தாரா என்று பாருங்கள், இல்லாவிட்டால் எங்கள் ஆட்கள் ஒரு முறையோடு இறக்கிவிடுவார்கள். அச்சடித்த படம் கத் லாபுக்கு உதவாது. சி.டி.யில் முழுத் தரவையும் கேட்டு வாங்குங்கள், வரைபடக் கருவிக்குள் ஏற்றுவதற்கு அதுதான் வேண்டும்.